தலைமாடு உயர்ந்தால்

தமிழ்நாட்டில் எந்த ஊர் பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போனாலும் எதிரே நாலைந்து சர்ஜிக்கல்ஸ் கடைகள் இருக்கும். வெளியே மடக்கிச் சாத்திய சக்கர நாற்காலிகள், வாக்கர்கள், வரிசையாகத் தொங்கும் கழுத்துப் பட்டைகள். உள்ளே போய், வீட்டில் பெரியவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், கட்டில் வாடகைக்கு வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "செமி ஃபௌலரா சார், ஃபுல் ஃபௌலரா?"

நாம் விழித்தால் அவரே விளக்குவார். கால்மாட்டில் ஒரு ஹேண்டில் இருந்தால் செமி. அதைச் சுற்றினால் முதுகுப் பக்கம் மட்டும் எழும்பும். இரண்டு ஹேண்டில் இருந்தால் ஃபுல். இரண்டாவது ஹேண்டில் முழங்கால் பக்கத்தைத் தூக்கும். ஹேண்டிலுக்குப் பதிலாக மோட்டாரும் ரிமோட்டும் வைத்தது இன்னொரு ரகம், வாடகையும் கூடுதல். ஃபௌலர் என்பது கட்டில் கம்பெனியின் பெயர் என்றுதான் வாங்குபவர்களில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜார்ஜ் ரயர்சன் ஃபௌலர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த அறுவை மருத்துவர். அவர் காலத்தில் குடல்வால் வெடித்துச் சீழ் வயிறு முழுக்கப் பரவினால் பிழைப்பது அரிது. பெனிசிலின் நோயாளிகளின் கைக்கு வர இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. ஃபௌலர் யோசித்தது இதுதான். வயிற்றறையின் மேல்பகுதி, அதாவது உதரவிதானத்தை ஒட்டிய இடம், நச்சை வேகமாக ரத்தத்துக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. இடுப்புக்குழிப் பகுதி அவ்வளவு வேகமாக உறிஞ்சுவதில்லை. அங்கே தேங்கியதைக் குழாய் வைத்து வெளியே எடுக்கவும் முடியும். அப்படியானால் சீழைக் கீழே இறக்கிவிட்டால் போதுமே! நோயாளியின் தலையையும் உடம்பையும் உயர்த்திப் படுக்க வைத்தார். 1900-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை, இப்படிச் சிகிச்சை பெற்ற ஒன்பது பேர் அடுத்தடுத்துப் பிழைத்ததைச் சொன்னது. மருந்து எதுவும் புதிதாக இல்லை. கட்டிலின் சாய்வு ஒன்றுதான் புதிது.

நல்ல யோசனைதான். ஆனால் நோயாளி சறுக்கினார். சாய்த்து உட்கார வைத்த ஆள் அரை மணி நேரத்தில் கட்டிலின் நடுவுக்கு வந்து, கழுத்து மடங்கி, வயிறு நசுங்கிக் கிடப்பார். தொடைக்கு அடியில் தலையணையைச் சுருட்டித் திணித்துக் கட்டிவைத்துப் பார்த்தார்கள், அதுவும் நழுவியது. இதற்கு விடை கண்டவர் வில்லிஸ் கேட்ச். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர். பின்னாளில் இந்தியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் தலைவரானார். 1909-இல் அவர் விவரித்த கட்டில் மூன்று துண்டாக மடங்கும். முதுகு எழும்பும்போது முழங்காலும் எழும்பும். தொடை ஏறுமுகமாக நிற்பதால் உடம்பு கீழே இறங்க இடமில்லை. இன்று பளபளப்பான ஷோரூமில் தோல் உறை போட்டு, யுஎஸ்பி சொருகும் இடமும் வைத்து விற்கிறார்களே, அந்த 'அட்ஜஸ்டபிள் பெட்' இந்த இரும்புச் சட்டத்தின் நேர் வாரிசு.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் உறவு இன்னும் தெளிவாகும். ஹேண்டில் கட்டிலில் ஒரு நீளத் திருகும் அதில் ஓடும் ஒரு நட்டும் இருக்கும். திருகு சுழல, நட் நகர்ந்து கம்பியைத் தள்ள, கம்பி முதுகுச் சட்டத்தை நெம்பித் தூக்குகிறது. மோட்டார் கட்டிலிலும் திருகு வேலைதான். சுற்றுவது நம் கையல்ல, மின்சாரம். திருகுக்கு ஒரு குணம் உண்டு: தூக்கிய இடத்தில் தானாக நின்றுவிடும், பாரம் அழுத்தினாலும் சுலபத்தில் இறங்காது. கரண்ட் போன நேரத்தில் இது வரமும் சாபமும். ஏற்றிய முதுகு ஏறியபடியே நிற்கும், இறக்கவும் முடியாது. பேட்டரி துணை இருக்கிறதா என்று கேட்காமல் இந்தக் கட்டிலை நம் ஊரில் யாரும் வாங்கக் கூடாது.

சறுக்கலைக் கொஞ்சம் கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த அத்தியாயத்தின் பாதி விஷயம் அதில் அடங்கியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தலை, கை, உடல் சேர்ந்து இடுப்புக்கு மேலே ஏறக்குறைய 40 கிலோ. முதுகை 30 டிகிரி உயர்த்தினால், சைன் 30 என்பது அரை என்று பள்ளியில் படித்த கணக்குப்படி, அந்த எடையில் பாதி, அதாவது 20 கிலோ, சாய்வின் வழியே கால்மாட்டை நோக்கி இழுக்கிறது. 45 டிகிரி என்றால் 28 கிலோ. வெறும் 7.5 டிகிரி என்றால் 5 கிலோதான். தோலுக்கும் விரிப்புக்கும் இடையிலுள்ள உராய்வே அதைத் தாங்கிவிடும்.

பெரிய கோணங்களில் உராய்வு தாங்கினாலும் சங்கடம், தாங்காவிட்டாலும் சங்கடம். தாங்கும்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்கிறது. உள்ளேயுள்ள எலும்பு கீழே இறங்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சதையும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. இடுப்பின் பின்புறம், வால் எலும்புக்கு மேலே, படுக்கைப் புண் வர இந்த இழுவையும் ஒரு முக்கியக் காரணம். அனுபவமுள்ள சிஸ்டர்கள் வீட்டாருக்குச் சொல்லும் முதல் பாடம்: "காலை முதல்ல தூக்குங்கண்ணா, அப்புறம் முதுகைத் தூக்குங்க. இறக்கும்போது முதுகு முதல்ல." செமி ஃபௌலர் கட்டிலில் முழங்கால் எழும்பாது என்பதால், முதுகை ஏற்றும் முன் தொடைக்கு அடியில் ஒரு தலையணை வைத்தாக வேண்டும். வாடகை மிச்சம் பிடிக்க செமி எடுத்தவர்கள் அந்தத் தலையணையை மறந்துவிடுகிறார்கள். சாப்பாட்டு நேரமும் அதற்குப் பிறகு அரை மணி, முக்கால் மணி நேரமும் போக, மற்ற நேரத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகு 30 டிகிரிக்கு மேல் போக வேண்டாம் என்பது பொதுவான வழிகாட்டல்.

அதே 30, 45 டிகிரி சாய்வு வேறொரு இடத்தில் உயிர் காக்கிறது. செயற்கை சுவாசக் கருவியில் இருப்பவர்களின் வயிற்றிலிருந்து திரவம் மேலேறித் தொண்டை வழியே நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பார்சிலோனாவில் ஒரு மருத்துவமனையில் 86 பேரிடம் நடந்த ஆய்வு 1999-இல் லான்செட் இதழில் வந்தது. சமமாகப் படுக்க வைத்த 47 பேரில் 16 பேருக்கு நிமோனியா சந்தேகம். 45 டிகிரியில் சாய்த்து வைத்த 39 பேரில் 3 பேருக்குத்தான். ஆய்வை முழுதாக முடிக்காமல் இடையிலேயே நிறுத்தினார்கள். ஐசியூவில் கட்டிலின் தலைமாடு எப்போதும் தூக்கியே இருப்பதற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம். மூக்கு வழிக் குழாயில் கஞ்சி ஊற்றும் வீடுகளும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

நோயாளிகளை விடுவோம். நடமாடிக்கொண்டிருக்கும் நமக்கு, ராத்திரி படுத்தால் தூக்கம் சரியில்லை என்று புலம்பும் நமக்கு, இந்தச் சாய்வு என்ன தரும்?

படுத்தவுடன் உடம்பில் நடக்கும் மாற்றங்களில் முதலில் உறைப்பது வயிற்றுச் சமாச்சாரம்தான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு இறுகிக்கொள்ளும். யாருக்குமே அது நூற்றுக்கு நூறு மூடியிருப்பதில்லை. அவ்வப்போது தானாகத் தளரும். கொஞ்சம் அமிலம் மேலே எட்டிப் பார்க்கும். பகலில் இது பெரிய விஷயமில்லை. நிமிர்ந்திருப்பதால் அமிலம் கீழே இறங்கிவிடும்; ஓயாமல் எச்சில் விழுங்குகிறோம், எச்சிலில் உள்ள பைகார்பனேட் மிச்சத்தைக் கழுவி முறித்துவிடும். தூங்கும்போது இந்த மூன்று காவலும் ஒரே சமயத்தில் போகிறது. புவியீர்ப்பின் உதவி இல்லை, எச்சில் சுரப்பது மிகவும் குறைகிறது, விழுங்குவது கிட்டத்தட்ட நின்றே போகிறது. மேலேறிய அமிலம் அங்கேயே தங்கி அரிக்கிறது.

நெஞ்செரிச்சலில் எழுந்து உட்காருபவருக்கு நோய் தெரியும், ஜெலூசிலைத் தேடுவார். தெரியாதவர்களே அதிகம். அமிலம் பட்டவுடன் மூளை சில விநாடிகள் விழித்து, விழுங்கச் சொல்லிவிட்டு, மறுபடி தூங்கிவிடும். காலையில் அது நினைவில் இருக்காது. வாய் புளித்திருக்கும், தொண்டை கரகரக்கும், வறட்டு இருமல் இருக்கும், எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி போகாது. தூக்கத்தின் கட்டங்களை முந்தைய அத்தியாயத்தில் பார்த்தோம். ஆழ்ந்த கட்டத்துக்கு இறங்கும்போதெல்லாம் யாரோ தோளைத் தட்டுவதுபோல இது அந்த இறக்கத்தைக் கலைக்கிறது. இரவு பத்தரைக்கு பரோட்டா சால்னாவை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குப் படுக்கும் ஊரில் இதற்குக் குறைவிருக்காது.

தலைமாட்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்திப் படுத்தால் இரவு அமிலத் தொந்தரவு குறைகிறது என்பது 1970-களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருவது. ஆய்வுகள் சிறியவை, எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. ஆனாலும் செலவும் பக்கவிளைவும் அநேகமாக இல்லாத சிகிச்சை என்பதால், அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் இரவில் தொந்தரவு உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. கவனியுங்கள், கட்டிலை உயர்த்தச் சொல்கிறது. மோட்டார் வாங்கச் சொல்லவில்லை. நம் ஊர் ஆறேகால் அடிக் கட்டிலின் நீளம் ஏறக்குறைய 190 சென்டிமீட்டர். தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல்லைப் படுக்கை வசமாக வைத்தால் 15 சென்டிமீட்டர் கிடைக்கும். சாய்வு நாலரை டிகிரி. 20 சென்டிமீட்டர் என்றால் 6 டிகிரி. உடம்பு எங்கும் மடங்காமல் ஒரே பலகையாகச் சாய்வதால், வயிறு நசுங்காது.

இரண்டு தலையணையை அடுக்கிக்கொண்டால் இதே பலன் வராதா? வராது. தலையணை தலையையும் கழுத்தையும்தான் தூக்கும், உணவுக்குழாய் கிடந்த இடத்திலேயே கிடக்கும். போதாக்குறைக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். டைல்ஸ் தரையில் செங்கல் நழுவும் என்பதால், தச்சரிடம் சொல்லி நடுவில் குழி போட்ட மரக்கட்டை செய்து வைப்பது மேல். கீழே சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில் என்றால் இந்த வழி இல்லை. அவர்களுக்கு முதுகு முழுவதும் தாங்கும் ஆப்புவடிவத் தலையணை இருக்கிறது. மோட்டார் கட்டிலில் அதே 20 சென்டிமீட்டர் உயரம் வேண்டுமானால் முதுகுச் சட்டத்தை 15 டிகிரி தூக்கினால் போதும். வாங்கிய காசுக்கு முழுவதும் பயன்படுத்த வேண்டும் என்று 45-க்குப் போனால் வயிறு மடிந்து, தொப்பை உள்ளவர்களுக்கு அழுத்தம் கூடி, அமிலம் வேறு காரணத்தால் மேலே வரும்.

எந்தக் கட்டிலாக இருந்தாலும் காசில்லாத ஒரு உபாயம் உண்டு: இடப்பக்கமாகப் படுப்பது. இரைப்பை உணவுக்குழாயோடு சேரும் விதத்தால், இடப்பக்கம் படுத்தால் அமிலம் தேங்கும் இடம் வாசலுக்குக் கீழே போய்விடுகிறது. வலப்பக்கம் படுத்தால் வாசலுக்கு மேலே. 2022-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அளந்தபோது, மேலேறிய அமிலம் உணவுக்குழாயை விட்டு நீங்க இடப்பக்கத்தில் 35 நொடி, மல்லாந்து படுத்தால் 76 நொடி, வலப்பக்கத்தில் 90 நொடி ஆனது. தேரையர் பெயரில் வழங்கும் 'நோயணுகா விதி'யும் இடப்பக்கம் படுக்கத்தான் சொல்கிறது. அதற்குச் சித்த மருத்துவம் தரும் காரணம் வேறு, முடிவு ஒன்றாக இருக்கிறது.

அடுத்தது குறட்டை. தூங்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்திருந்தால் நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைத் தாங்கும் மென்மையான அண்ணமும் பின்னால் சரிகின்றன. குறுகிய வழியில் காற்று போகும் சத்தம் குறட்டை. வழி அடைத்தே போனால் அது மூச்சுத்தடை நோய். மேலுடம்பைச் சற்று உயர்த்தினால் இரண்டு விஷயம் நடக்கிறது. நாக்கு பின்னால் விழும் திசை கொஞ்சம் மாறுகிறது. வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதும் குறைவதால் நுரையீரல் கூடுதலாக விரிந்து, மூச்சுக்குழாயைக் கீழ்நோக்கி இழுத்து, தொண்டையை விறைப்பாக வைத்திருக்கிறது.

எதிர்பாராத இன்னொரு காரணத்தை டொரோண்டோவில் டக்ளஸ் பிராட்லியின் குழு காட்டியது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களின் காலில் சேரும் நீர், படுத்த பிறகு மெல்ல மேலே நகர்ந்து கழுத்துத் திசுக்களில் போய்ச் சேர்கிறது. கழுத்து பருக்கிறது, மூச்சு வழி குறுகுகிறது. சாயங்காலம் செருப்பு இறுக்குகிறது என்று சொல்பவரே நடுராத்திரியில் குறட்டை விடுபவராகவும் இருப்பது தற்செயல் அல்ல.

பிரேசிலில் மூச்சுத்தடை உள்ள 52 பேரைத் தலைமாடு 7.5 டிகிரி உயர்த்திய கட்டிலில் தூங்க வைத்துச் சோதித்தார்கள். 2017-இல் வெளியான முடிவுப்படி மூச்சுத் தடைபடும் எண்ணிக்கையில் சராசரியாக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம்; சிலருக்குப் பாதியாகக் குறைந்தது, சிலருக்கு அசைவே இல்லை. சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில், குறட்டைச் சத்தத்தை மைக்கில் கேட்டு, தூங்குபவரை எழுப்பாமலே முதுகைத் தானாக உயர்த்தும் கட்டிலைச் செய்து பார்த்தார்கள். இப்போது சில கம்பெனிகள் அதைப் போன்ற வசதியை விற்கின்றன. லேசான குறட்டைக்குச் சரி. கடுமையான மூச்சுத்தடைக்கு, காலின் சல்லிவன் 1981-இல் சிட்னியில் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சீபாப் கருவிக்கு ஈடாக எந்தக் கட்டிலும் இல்லை. "கட்டில் வாங்கியாச்சு, இனி முகமூடி வேண்டாம்" என்று வீட்டில் பெரியவர் சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

முதுகு வலிக்காரர்களுக்கு வருவோம். ஷோரூமுக்கு அதிகம் போகிறவர்கள் இவர்கள்தான்.

முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவிலுள்ள வட்டுகள், நாம் 'டிஸ்க்' என்று அழைப்பவை, எவ்வளவு அழுத்தம் தாங்குகின்றன என்பதை ஊசி செருகி அளந்தவர் சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன். 1999-இல் ஜெர்மனியில் வில்கேயும் அவர் சகாக்களும் ஒரு படி மேலே போனார்கள். உடல்நலமுள்ள ஒரே ஒரு தன்னார்வலர், வயது 45. அவருடைய கீழ்முதுகு வட்டு ஒன்றில் நுண்ணிய உணரியை வைத்து, ஒரு நாள் முழுக்க நடக்க, உட்கார, தும்ம, தூங்க விட்டார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். மல்லாந்து படுத்தால் 0.1. குனிந்து 20 கிலோ தூக்கியபோது 2.3. சமமாகப் படுத்தாலே நிற்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் அழுத்தம் என்பது இதில் முதல் செய்தி. அதற்கு மேல் எந்தக் கட்டிலும் குறைக்க இருப்பது கொஞ்சம்தான். இரண்டாவது செய்தி எனக்கு இன்னும் பிடித்தது. ஏழு மணி நேரத் தூக்கத்தில் அந்த 0.1 மெல்ல ஏறி 0.24 ஆனது. வட்டு இரவெல்லாம் நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக எழுவதும், எழுந்தவுடன் குனிந்தால் முதுகு முரண்டு பிடிப்பதும் அதனால்தான்.

அப்படியென்றால் முழங்காலை மடித்துப் படுத்தால் முதுகுக்கு இதமாக இருப்பது ஏன்? கீழ்முதுகின் கண்ணிகளிலிருந்து தொடை எலும்புக்கு ஒரு தடித்த தசை போகிறது. காலை நீட்டினால் அது இழுபட்டு, இடுப்புப் பகுதியை முன்னால் வளைக்கிறது. மல்லாந்து படுத்தால் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி தெரிவது அந்த வளைவு. முழங்காலை உயர்த்தினால் தசை தளர்ந்து முதுகு மெத்தையில் படிகிறது. தண்டுவடக் கால்வாய் குறுகிய முதியவர்களுக்கு இதில் கூடுதல் பலன் உண்டு. இடுப்பு சற்று மடங்கும்போது அந்தக் கால்வாய் அகலமாகிறது. நூறடி நடந்தால் கால் மரத்துப்போய் உட்கார்ந்துவிடும் தாத்தா, சைக்கிளில் முன்னால் குனிந்தபடி சந்தை வரை போய் வந்துவிடுவதன் ரகசியமும் அதுவே. இப்படிப்பட்டவருக்கு முழங்கால் எழும்பும் கட்டில் நிஜமாகவே நல்ல தூக்கம் தரும். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு மட்டும் உடனே இந்த வசதி கூடாது. முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும் என்பதால், ஆரம்ப வாரங்களில் அடியில் தலையணை வைப்பதையே மருத்துவர்கள் தடுப்பார்கள்.

முதுகு வலி என்றதும் "கட்டாந்தரையில் படு" என்று சொல்வது நம் வழக்கம். ஸ்பெயினில் 313 முதுகுவலிக்காரர்களிடம் நடந்த ஆய்வில் (2003) மிகக் கெட்டியான மெத்தையை விட நடுத்தரக் கெட்டி மெத்தைதான் வலியைக் கூடுதலாகக் குறைத்தது. ஆகவே கட்டிலை மாற்றும் முன் மெத்தையைப் பாருங்கள். மடங்கும் சட்டத்தின் மேல் போட எல்லா மெத்தையும் ஒத்துவராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஃபோமும் லேட்டெக்ஸும் வளையும். அழுத்திய தேங்காய்நார் மெத்தை வளையாது, முறியும். இலவம்பஞ்சு வளையும், ஆனால் பஞ்சு சரிந்து கால்மாட்டில் சேரும்.

ரிமோட்டில் இருக்கும் 'ஜீரோ கிராவிட்டி' பொத்தான் பற்றிச் சொல்லாமல் போனால் விற்பனையாளர்கள் வருத்தப்படுவார்கள். 1979-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் நம் தலையில் விழப் போகிறது என்று ஊரெல்லாம் பீதி கிளம்பியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஸ்கைலாப் விழுவதற்கு முன், 1973, 74-இல் அதில் தங்கிய விண்வெளி வீரர்கள் எதையும் பிடிக்காமல் தளர்வாக மிதக்கும்போது உடம்பு என்ன வடிவம் எடுக்கிறது என்று நாசா படம் எடுத்து அளந்தது. உடலுக்கும் தொடைக்கும் இடையே ஏறக்குறைய 128 டிகிரி, முழங்காலில் 133 டிகிரி. கருவிகளையும் இருக்கைகளையும் வடிவமைக்க நாசா இந்த அளவைப் பயன்படுத்தியது. படுக்கை விற்பவர்கள் அதே கோணங்களை எடுத்து, எடையற்ற தூக்கம் என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கட்டிலை நாசா வடிவமைக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் உங்கள் எடையில் ஒரு கிராம்கூடக் குறையாது; அது தாங்கும் பரப்பு மாறுகிறது, அவ்வளவுதான். வசதியாக இருக்கிறதா என்றால், பலருக்கு இருக்கிறது. படுத்துக்கொண்டு டிவி பார்க்க அதைவிட நல்ல நிலை இல்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும், நச்சை நீக்கும் என்று அட்டையில் எழுதியிருந்தால் அட்டையைக் கிழித்துப் போடுங்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாத ஆள் சாய்ந்து படுத்தால் கூடுதலாகத் தூங்குவாரா? பிரிட்டிஷ் விமானப்படை மருத்துவ ஆய்வகத்தின் நிக்கல்சனும் ஸ்டோனும் 1987-இல் வெவ்வேறு கோணங்களில் சாயும் இருக்கைகளிலும் கட்டிலிலும் ஆட்களைத் தூங்க வைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். நிமிர்ந்த இருக்கையில் தூக்கம் கெட்டது. முதுகு செங்குத்திலிருந்து 40 டிகிரிக்கு மேல் சாய்ந்த பிறகு தூக்கம் ஏற்கத்தக்கதாகி, மிக அதிகம் சாயும் இருக்கையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. சென்னையிலிருந்து மதுரைக்கு செமி ஸ்லீப்பரில் போனவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கட்டிலை மிஞ்சிய இருக்கை எதுவும் அந்த ஆய்வில் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நன்றாகத் தூங்குபவர் இரவில் பல தடவை புரள்கிறார். பெரும்பாலோர் பாதி நேரத்துக்கு மேல் பக்கவாட்டில்தான் படுக்கிறார்கள். முதுகும் முழங்காலும் எழும்பிய கட்டில் மல்லாந்து படுப்பவருக்காகச் செய்தது. அதில் ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு பக்கவாட்டில் வளைந்து பள்ளத்தில் இறங்கும். குப்புறப் படுக்கவே முடியாது. எனவே ஆரோக்கியமானவருக்கு என் தீர்ப்பு: தூங்கும் முன் படிக்க ஏற்றிக்கொள்ளுங்கள், தூங்கும்போது இறக்கிவிடுங்கள். அதற்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுக்கலாமா என்பது உங்கள் பாக்கெட்டைப் பொறுத்தது. தம்பதியர் வாங்கினால் இரண்டு பாதியும் தனித்தனியாக எழும்பும் வகையைப் பாருங்கள். ஒருவருடைய நெஞ்செரிச்சலுக்கு மற்றவரும் சாய்ந்து கிடக்க வேண்டியதில்லை.

கைக்குழந்தைகளை இந்தச் சாய்வுக் கணக்கிலிருந்து அடியோடு விலக்கி வைக்க வேண்டும். பால் கக்குகிறதே என்று சாய்வான படுக்கையில் தூங்க வைத்தால், தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் பட்டு மூச்சு வழி மூடிக்கொள்ளும். தூக்கிவிட்டுக்கொள்ளும் பலம் குழந்தையின் கழுத்துக்கு இருக்காது. குழந்தைகள் இறந்த பிறகு, 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஒரு வயது வரை மல்லாத்தி, சமமான, கெட்டியான படுக்கை. வேறு எதுவும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வேறு விதி. 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்தே தூங்க வேண்டும். நெஞ்செரிச்சல் படுத்தினால் தலைமாட்டைச் சிறிது உயர்த்திக்கொண்டு ஒருக்களிக்கலாம்.

கடைசியாக இதயம். நிற்கும்போது கால்களில் தங்கியிருந்த ரத்தத்தில் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை, படுத்தவுடன் நெஞ்சுக்குத் திரும்புகிறது. நல்ல இதயம் இதைக் கவனிப்பதுகூட இல்லை. பலவீனமான இதயத்தால் அதை இறைத்து முடிக்க முடியாது. ரத்தம் நுரையீரலில் தேங்கும், நீர் கசியும், மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் சரியாகும். இதய மருத்துவர்கள் "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று கேட்பதும், 'இரண்டு தலையணை', 'மூன்று தலையணை' என்று குறிப்பேட்டில் எழுதுவதும் இதனால்தான். இப்படிப்பட்டவர்களுக்கு முதுகு எழும்பும் கட்டில் பெரிய ஆறுதல். கால்மாட்டை உயர்த்தும் பொத்தானை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கால் வீக்கம் வடிகிறதே என்று உயர்த்தினால் வடிந்த நீரெல்லாம் ஏற்கெனவே திணறும் இதயத்துக்குத்தான் போகும்.

சாய்வுக் கட்டில் வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் இரண்டு வாரம் தலைமாட்டுக்குக் கட்டை கொடுத்துப் படுத்துப் பாருங்கள். முழங்காலுக்கு இதம் வேண்டுமா என்று அறிய ஒரு தலையணை போதும். பலன் தெரிந்தால், புதிதாக வாங்கும் முன் சர்ஜிக்கல்ஸ் கடையில் ஒரு ஃபுல் ஃபௌலரை ஒரு மாத வாடகைக்கு எடுத்துச் சோதியுங்கள். ஆனால், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதற்காக உங்கள் தலையணை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகிக்கொண்டிருந்தால் கட்டில் கடைக்குப் போகாதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள்.